மூங்கில் கைவினை: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடி மூங்கில் முடையப் பழகுகிறோம், தெரிந்ததைப் பழக்கியும் விடுகிறோம். பழக வருகிறவர்கள், பொருள் வாங்குகிறவர்கள், வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பதைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். எங்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம் ஓயாத இடங்கள் அவை.

பிளாஸ்டிக்குக்குப் பதில் மூங்கில் என்கிறீர்கள். கொழும்பில் அது எங்கே சரிவரும்?

எல்லா இடத்திலும் சரிவராது. தண்ணீர்ப் போத்தலையும் மருந்துக் குப்பியையும் விட்டுவிடுங்கள். சரிவரும் இடம் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இடியப்பத் தட்டு.

2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பாவனை பிளாஸ்டிக் பட்டியலில் ஸ்ட்ரோ, கோப்பை, கரண்டி, பிளாஸ்டிக் பூமாலை ஆகியவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருக்கிறது. சட்டத்தில் இடியப்பத் தட்டு ஏறிவிட்டதே என்று நாங்கள் சிரித்தோம். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் வந்து விலை கேட்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. நம் பாட்டிமார் மூங்கிலிலோ பிரம்பிலோ முடைந்த தட்டில்தான் இடியப்பம் பிழிந்தார்கள். கண்ணுக்குக் கண் ஆவி ஏறும், மா ஒட்டாது, கொதிக்கிற ஆவியில் பிளாஸ்டிக் கிடக்கிற பயமும் இல்லை. ஆனால் ஒரு கடைக் குசினியில் தட்டு நாள் முழுக்க ஈரத்திலேயே இருக்கும். இரண்டு செட் வாங்கி, ஒன்று வேலை செய்யும்போது மற்றதை வெயிலில் போட்டால்தான் நிலைக்கும். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் விற்றால் இரண்டு மாதத்தில் பூஞ்சணம் பிடித்து, கடைக்காரர் பழைய பிளாஸ்டிக்கையே தேடிப் போவார்.

அடுத்தது கூடைகள்: மரக்கறிக் கூடை, அழுக்குத் துணிக் கூடை, கோயில் பூக்கூடை. அப்புறம் சன்னல் தட்டி, விளக்கு மூடி. தகரக் கூரைக்குக் கீழே மூங்கில் தட்டி ஒன்று கட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இந்த ஊரில் அவ்வளவு அவசரம் என்ன?

2017 சித்திரைப் புத்தாண்டன்று மீத்தொட்டமுல்லயில் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு வெளியே கடலில் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கின. நாங்கள் முடைகிற கூடையால் அந்த மலை ஒரு அடிகூடக் குறையப் போவதில்லை. குறையும் என்று சொல்லி எவராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிரம்பும் மூங்கிலும் ஒன்றுதானே?

இல்லை. மூங்கில் புல் குடும்பம், கணுக்களுக்கு நடுவே உள்ளே வெறுமை. பிரம்பு பனைக் குடும்பத்துக் கொடி, உள்ளே திடம், வளைத்தால் வளையும். கண்டி வீதியில் ரதாவடுன்ன, வேவல்தெனிய பக்கம் சாலையோரக் கடைகளில் தொங்கும் கதிரைகளும் ஊஞ்சல்களும் பிரம்பு. காட்டுப் பிரம்பு வளர மெதுவானது, வெட்டிக்கொண்டே போனால் கிடைக்காமல் போகும். மூங்கில் பக்கம் நாங்கள் சாய்ந்ததற்கு அது ஒரு காரணம். விளிம்பு கட்டுவதற்கு மட்டும் இன்னும் பிரம்புதான் பாவிக்கிறோம், அதற்கு ஈடு இல்லை.

மூங்கிலை வெட்டினால் காடு அழியாதா?

சரியாக வெட்டினால் அழியாது. தென்னை, பலா போல ஒரு மரத்தை வெட்டுவதாக நினைக்கக் கூடாது. ஒரு புதரில் ஒவ்வொரு மழைக்காலமும் புது முளைகள் வரும். முளை மண்ணை விட்டு வெளியே வரும்போதே அதன் முழுப் பருமனோடு வந்துவிடும், சில மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். நாளொன்றுக்கு 91 செ.மீ. வரை வளர்ந்த இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அதற்குப் பிறகு உயராது, பருக்காது. மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை உள்ளே முற்றும். முற்றிய கழிகளில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, இளசையும் சில முதிர்ந்ததையும் விட்டால் புதர் இன்னும் செழிக்கும். மொட்டையடித்தால் பட்டுப்போகும்.

எங்கே வெட்டுவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நிலத்துக்கு மேலே முதல் அல்லது இரண்டாவது கணுவுக்குச் சற்று மேலே, கணுவை ஒட்டி வெட்ட வேண்டும். கணுவுக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டினால் அடிக்கட்டை கோப்பையாகி மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கும். டெங்கு நுளம்புக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. 2017இல் இந்த நாட்டில் 186,000க்கு மேல் டெங்கு நோயாளர் பதிவானார்கள். ஆகவே கொழும்பில் மூங்கில் வெட்டத் தெரியாமல் வெட்டுவது அயலாருக்குச் செய்யும் கெடுதல்.

களனி கங்கைக் கரையில் நிற்கிற மூங்கில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அது ஆற்று ஒதுக்கு நிலம். அனுமதியில்லாமல் அதில் கத்தி வைக்கக் கூடாது, பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுத்தான் எதுவும். நாங்கள் தனியார் தோட்டங்களில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இலங்கையில் எந்த மூங்கில் முடைவதற்கு நல்லது?

ஆற்றோரங்களில் காணும் மஞ்சள் மூங்கிலும் அதன் பச்சை வகையும் எளிதில் கிடைக்கும், ஆனால் மாச்சத்து அதிகம், பூச்சி விரும்பிச் சாப்பிடும். ஈர வலயத் தாழ்நிலக் காடுகளில் வளரும் மெல்லிய ஒக்லாண்ட்ரா இலங்கைக்கே உரிய இனம். சிங்களக் கைவினைஞர் பாய்க்கும் தட்டிக்கும் பௌத்தரின் வெசாக் விளக்குக் கூட்டுக்கும் அதைத்தான் எடுப்பார்கள். பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையோரம் எல்லாரும் படம் பிடிக்கிற ராட்சத மூங்கில் பர்மாப் பக்கத்திலிருந்து வந்தது. 30 மீற்றர் வரை உயரும் அந்த இனம் தூணுக்கும் பலகைக்கும் நல்லது, கூடைக்குத் தடிப்பு அதிகம். ஹோட்டன் சமவெளியில் காணும் குட்டை மூங்கில் மானுக்கு, உங்களுக்கில்லை.

எவ்வளவு காபனை உறிஞ்சும்?

வளரும்போது நிறைய. ஆனால் விளம்பரத்தில் சொல்லாத மறுபாதி இருக்கிறது. ஒரு கழி பத்தாண்டுக்குள் தானாகக் காய்ந்து உளுத்து விழும். அப்போது உள்ளே பிடித்து வைத்த காபன் திரும்பவும் காபனீரொட்சைட்டாகக் காற்றுக்குப் போகும். வெட்டி, பொருளாக்கி, அந்தப் பொருள் இருபது ஆண்டு வீட்டில் இருந்தால் அந்த இருபது ஆண்டுக்கும் காபன் பூட்டிக் கிடக்கும். ஆறு மாதத்தில் உளுத்துக் குப்பைக்குப் போகும் கூடையால் சூழலுக்கு ஒரு நன்மையும் இல்லை. அடுத்த கேள்விக்கு நாங்கள் இவ்வளவு இடம் கொடுப்பது அதனால்தான்.

மூங்கில் சீக்கிரம் உளுத்துப்போகிறதே?

ஆமாம், போகும். கூடைக்குக் கீழே மா போலப் பொடி உதிர்ந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பூச்சி மூங்கிலைத் தேடி வருவது உள்ளிருக்கும் மாச்சத்துக்காக. மாச்சத்தைக் குறைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, முற்றியதை மட்டும் வெட்டுவது, அதுவும் மழை இல்லாத காலத்தில், முளை விடும் பருவத்தைத் தவிர்த்து. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று பழையவர்கள் சொல்வார்கள். தேய்பிறையில் வெட்டினாலும் மாரியில் வெட்டினால் உளுக்கத்தான் செய்யும். வெட்டிய முகத்தில் ஒரு துளி அயடின் விட்டுப் பாருங்கள். கருநீலமாக மாறினால் மாச்சத்து நிறைந்திருக்கிறது.

இரண்டாவது, ஊறப்போடுவது. ஆற்றிலோ குளத்திலோ சில வாரம் அமிழ்த்தி வைத்தால் மாச்சத்து கரைந்து போகும், நாற்றம் சகிக்க முடியாது. ஓடும் தண்ணீர் கொழும்பில் எங்கே கிடைக்கும்? நாங்கள் பாவிப்பது வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும். 100 லீற்றர் தண்ணீருக்கு 3 கிலோ வெங்காரம், 2 கிலோ போரிக் அமிலம். பிளந்த பத்தைகள், அதாவது மூங்கில் கீற்றுகள், நாலைந்து நாள் ஊறினால் போதும். முழுக் கழியென்றால் உள்ளே கணுத் தடுப்புகளைக் கம்பியால் குத்தித் திறந்து, ஒரு வாரத்துக்கும் மேலே விட வேண்டும். எடுத்ததும் வெயிலில் போடக் கூடாது, வெடிக்கும். நிழலில் நிறுத்தி வைத்துக் காய விடுங்கள். கையுறை போடுங்கள். மிஞ்சிய கரைசலை வடிகாணில் ஊற்றாதீர்கள், செடிக்கும் ஆகாது. அதே கரைசலைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், குறைகிற அளவுக்குச் சேர்த்தால் சரி.

மூன்று எச்சரிக்கை. இந்த மருந்து மழையில் கழுவிப் போகும், ஆகவே முற்றத்தில் நிற்கும் பொருளுக்குப் பயனில்லை. மண்ணைத் தொடும் கழியை எந்த மருந்தும் காப்பாற்றாது, அடியில் கல்லோ சீமெந்தோ வேண்டும். உணவு படும் தட்டுக்கும் சுளகுக்கும் இதைத் தொடவே கூடாது. அவற்றுக்கு முற்றிய மூங்கிலை வேகவைத்து, காயவைத்து, புகை காட்டுவதோடு சரி.

இது எங்கள் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பங்களாதேஷில் கொக்ஸ் பஜார் முகாம்களில் ரோஹிங்கியா மக்களுக்கு மூங்கிலால் கட்டிய கொட்டகைகளை, பதப்படுத்தாத காரணத்தால் பூச்சி வெகு சீக்கிரம் தின்றுவிட்டது. பிறகு அங்கேயே மூங்கில் பதப்படுத்தும் நிலையம் அமைக்க வேண்டி வந்தது. மறுபக்கம், 1991இல் கொஸ்டாரிக்காவின் லிமோன் நிலநடுக்கத்தில் கொங்கிரீட் கட்டடங்கள் விழுந்த இடத்தில் ஒழுங்காகக் கட்டிய மூங்கில் வீடுகள் நின்றன. மூங்கில் இரண்டு இடத்திலும் மூங்கில்தான்.

கடற்கரைப் பக்கம் வீடு. பூஞ்சணம் பிடிக்கிறது.

வெள்ளவத்தை, முகத்துவாரம் ஆட்கள் எல்லாரும் கேட்பது. உலர்ந்த துணியால் துடைத்து, வினாகிரி கொஞ்சம் தடவி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

தொடர்மாடியில் இருக்கிறேன். பல்கனியில் மூங்கில் வளர்க்கலாமா?

வேண்டாம். கடைகளில் கண்ணாடிக் குவளையில் விற்கும் ‘லக்கி பம்பூ’ மூங்கிலே இல்லை, அது ட்ரசீனா என்னும் வேறு செடி.

வீட்டில் மூங்கில் வைத்தால் ஆகாது என்று அம்மம்மா சொல்கிறா.

பாடை கட்டுவது மூங்கிலில் என்பதால் வந்த பயம் அது. அவவிடம் வாக்குவாதப்பட வேண்டாம். அவவின் குசினியில் சுளகு எதில் செய்தது, கோயிலில் சுவாமி தூக்கும் தண்டு எதில் செய்தது, நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் புல்லாங்குழல் எதில் செய்தது என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் சிவபெருமானே மூங்கில் காட்டில் வெளிப்பட்டவர்தான், தல விருட்சமும் மூங்கில். பெரும்பாலும் அம்மம்மாமார் இதற்குப் பிறகு கூடையை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிடுகிறார்கள். முற்றத்தில் புதர் வேண்டாம் என்று அவ சொன்னால் மட்டும் கேளுங்கள். பாம்பு அடையும்.

மூங்கில் பழக்கினால் சமூக மாற்றம் வரும் என்கிறார்களே. முடைகிறவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

இதுதான் சரியான கேள்வி. பெரும்பாலான இடங்களில் கிடைப்பது ஒரு சான்றிதழ், ஒரு குழுப் படம், ஒரு தேநீர். மூன்று நாள் பயிற்சி, பிறகு எவரும் வரமாட்டார்கள். பழகியவர் செய்த பத்துக் கூடை மூலையில் கிடக்கும். பயிற்சிக்குக் காசு கொடுக்க ஆள் உண்டு, கூடையை வாங்க ஆள் இல்லை என்றால் அந்தப் பயிற்சியால் பயன் அடைந்தவர் பயிற்சி நடத்தியவர் மட்டும்தான்.

விலை எப்படி முடிவாகிறது என்பதைப் பாருங்கள். வாங்க வருகிறவர் கூடை முடையும் கையைத்தான் பார்க்கிறார், அது வேகமாகப் போகிறது, அரை நாள் வேலை என்று நினைக்கிறார். கழி தெரிவது, வெட்டுவது, சுமப்பது, ஊறப்போடுவது, பிளப்பது, பத்தையை ஒரே தடிப்புக்குச் சீவுவது எல்லாம் அதற்கு முன்னால் முடிந்துவிட்டது. நேரத்தின் பெரும்பங்கு பிளப்பதிலும் சீவுவதிலும் போகிறது, விரல் வெட்டுப்படுவதும் அங்கேதான். ஒரு கூடைக்கு இவ்வளவு என்று பேசினால் இந்த நேரம் கணக்கில் வராது. ஆகவே நாங்கள் மணித்தியாலத்தை எழுதி வைக்கிறோம். நாட்கூலி வேலைக்குப் போனால் அதே நேரத்துக்கு என்ன கிடைக்குமோ அதைக் கூட்டி, மூங்கில், மருந்து, முச்சக்கர வண்டிச் செலவு எல்லாம் சேர்த்த பிறகுதான் விலை. அந்த விலைக்கு விற்காத பொருளை நிறுத்திவிடுகிறோம். பெரிய மூடிக் கூடையை அப்படித்தான் நிறுத்தினோம், அழகான கூடை அது.

எங்களிடம் பழகியவர்களில் அதிகம் பேர் பெண்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள். வேலைக்குப் போக முடியாத நேரத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம் என்பது நல்லதுதான். ஆனால் ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்’ என்று சொல்லித்தான் கூலியைக் குறைக்கிறார்கள். சும்மா இருக்கும் நேரம் அவர்களுக்கு ஏது?

கூடை முடைவது ஒரு சாதியின் வேலை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சொல்வார்கள். தமிழ்நாட்டிலும் சரி இங்கேயும் சரி, முடைகிற தொழிலை இன்னாருக்கு என்று ஒதுக்கி, அதைச் செய்தவர்களை வாசலோடு நிறுத்தி, அவர்கள் முடைந்த சுளகை மட்டும் உள்ளே எடுத்த சமூகம் நாம். இப்போது அதே சுளகைச் சுவரில் மாட்டி ‘கலை’ என்கிறோம். தலைமுறையாகச் செய்தவர்களின் பிள்ளைகள் இந்தத் தொழிலை விட்டு ஓடியதில் ஆச்சரியம் இல்லை, அவர்களைத் திரும்ப வா என்று கூப்பிட எங்களுக்கு உரிமையும் இல்லை. வருகிறவர் ஆசிரியராக வரட்டும், ஆசிரியருக்குரிய கொடுப்பனவோடு. மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் குடியிருக்கும் வயதானவர்கள் சிலர் கொழுந்துக் கூடை முடையத் தெரிந்தவர்கள். தோட்டங்களில் மூங்கில் கூடை போய் நைலோன் பை வந்த பிறகு அவர்கள் கையை எவரும் கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் அவர்களுக்குத்தான் கதிரை.

பக்கத்தில் எங்காவது இது வெற்றி பெற்றிருக்கிறதா?

கேரளாவைப் பாருங்கள். வயநாட்டில் ‘உறவு’ என்ற அமைப்பு 1996 முதல் இயங்குகிறது: நாற்று, பயிற்சி, பொருள், விற்பனை எல்லாம் ஒரே கிராமத்தைச் சுற்றி. அங்கமாலியைத் தலைமையிடமாகக் கொண்டு 1971இல் தொடங்கிய கேரள அரசின் மூங்கில் கூட்டுத்தாபனம் காட்டிலிருந்து ஈற்றை என்னும் மெல்லிய மூங்கிலை எடுத்து முடைகிறவர்களுக்குக் கொடுத்து, முடைந்த பாயைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. குறைகள் நிறைய இருக்கலாம். ஆனால் மூலப்பொருளும் சந்தையும் இரு பக்கமும் கட்டியிருக்கிறது. நம்மிடம் பனைக்கு அப்படி ஒரு சபை 1978இலேயே வந்தது. மூங்கிலுக்கு இன்னும் அந்த அளவுக்கு இல்லை.

வெசாக் கூடு செய்வீர்களா?

செய்வோம். மே மாதத்துக்கு முந்தைய வாரங்களில் எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு அதுதான். சட்டத்தை மட்டும் கட்டிக் கொடுக்கிறோம், தாள் ஒட்டுவது வாங்குகிறவர் வீட்டுப் பிள்ளைகளின் வேலை. தமிழர் எதற்கு வெசாக் கூடு கட்டுகிறீர்கள் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். காசு இரண்டு பக்கத்திலும் ஒன்றுதான்.

மூங்கில் துணி, மூங்கில் கோப்பை வாங்கலாமா?

கவனம். ‘மூங்கில் துணி’ என்று விற்பதில் பெரும்பாலானவை மூங்கிலை இரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ். அது மென்மையாக இருக்கலாம், ஆனால் இயற்கை நார் என்று நினைத்து வாங்காதீர்கள். மூங்கில் தூளோடு மெலமைன் பிசின் கலந்து செய்த கோப்பைகளில் சூடாக ஊற்றினால் போர்மல்டிஹைட் கசியலாம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைச் சந்தையிலிருந்து அகற்றியது. கழியைக் கண்டால் மூங்கில், தூளைக் கண்டால் லேபிளைப் படியுங்கள்.

மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பது உண்மையா?

நம் ஊரில் இல்லை, மிசோராமில் நடந்தது. அங்கே ஒரு மூங்கில் இனம் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்துக் காய்க்கும். காயைத் தின்று எலி பெருகி, பிறகு வயலில் இறங்கும். 1959இல் வந்த பஞ்சத்தை அரசு சரியாகக் கவனிக்காததுதான் அங்கே 1966இல் கிளர்ச்சியாக வெடித்தது.

முறையாகப் பழக எங்கே போகலாம்?

பத்தரமுல்லயில் தேசிய அருங்கலைகள் பேரவை இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. கைவினைஞராகப் பதிவு செய்வது, பயிற்சி, கண்காட்சி எல்லாம் அங்கே விசாரிக்கலாம். போகும்போது தமிழில் படிவம் கேளுங்கள், இருப்பதாகச் சொல்வார்கள், தேட நேரம் எடுக்கும். அரசின் கைவினைக் கடையான லக்சலவில் பொருள் வைக்க விரும்பினால் ஒரே அளவில், ஒரே தரத்தில் திரும்பத் திரும்பச் செய்யக் கூடியவராக இருக்க வேண்டும்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

பத்து வயதுக்கு மேலென்றால் வரலாம். கத்தி பெரியவர் கையில், பத்தை பிள்ளை கையில். சீவிய பத்தையின் ஓரம் பிளேட் போல வெட்டும், ஆகவே உப்புக்காகிதம் தேய்க்காமல் கொடுக்க மாட்டோம்.

விலையைக் கொஞ்சம் குறைத்துத் தருவீர்களா?

இல்லை. ஆனால் விளிம்பு கழன்றால் கொண்டுவாருங்கள், ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் கட்டித் தருவோம், அதற்குக் காசில்லை.